கணக்கில் கோடிகள்... எடுக்கத்தான் வழியில்லை! அன்னை தெரசா அமைப்புக்கு அந்த 13 நாட்களில் நடந்தது என்ன?

2022 ஜனவரி முதல் வாரம். ஒடிசா முதல்வராக இருந்த நவீன் பட்நாயக், முதல்வர் நிவாரண நிதியில் இருந்து 78.76 லட்சம் ரூபாய் ஒதுக்கினார். வழக்கமாக அந்த நிதி புயலுக்கும் வெள்ளத்துக்கும் போகும். அன்று போனது 8 மாவட்டங்களில் இருந்த 13 ஆதரவற்றோர் இல்லங்களுக்கு. அங்கே இருந்தவர்கள் 900-க்கும் அதிகமானோர். கணக்குப் போட்டால் தலைக்கு 8,700 ரூபாய் வரும்.

அந்த இல்லங்களை நடத்துவது அன்னை தெரசா தொடங்கிய மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டி. உலகம் முழுக்கக் கிளைகள் கொண்ட, நோபல் பரிசு பெற்றவர் உருவாக்கிய அமைப்பு. அதற்கு முந்தைய நிதியாண்டில் மட்டும் வெளிநாட்டில் இருந்து 75 கோடி ரூபாய் வாங்கியிருந்தது. அப்படிப்பட்ட அமைப்பின் இல்லங்களில் அரிசி, மருந்து வாங்க ஒரு மாநில அரசு ஏன் கை கொடுக்க வேண்டி வந்தது? பணம் தீர்ந்துபோச்சா?

இல்லை. பணம் இருந்தது. அதைத் தொடுவதற்கான அனுமதிதான் இல்லை.

மத அமைப்புகள் நடத்தும் தொண்டு நிறுவனங்களின் நிதி நிலை பற்றி வாட்ஸ்அப்பில் ரெண்டு விதமாகத்தான் பேச்சு ஓடும். 'கோடி கோடியா கொட்டுது' என்பது ஒரு பக்கம். 'பாவம், பிச்சை எடுத்துத்தான் சோறு போடுறாங்க' என்பது இன்னொரு பக்கம். மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டி விஷயத்தில் ரெண்டுமே ஓரளவு உண்மை. அது எப்படி என்று பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று வந்த நிராகரிப்பு

இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமென்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்று சொல்வது இதைத்தான். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டியின் பதிவு 2021 அக்டோபர் 31-ல் முடிய வேண்டியது. கொரோனா காலம், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அதனால் எல்லோருக்கும் சேர்த்து டிசம்பர் 31 வரை நீட்டித்தது அமைச்சகம். ஆனால் அந்த நீட்டிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: டிசம்பர் 31 அல்லது விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும்.

டிசம்பர் 25-ம் தேதி முடிவு வந்தது. தகுதி நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை, சில பாதகமான தகவல்கள் கிடைத்திருக்கின்றன என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரித்தது உள்துறை அமைச்சகம். அத்தோடு நீட்டிப்பும் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 27-ல் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ட்விட்டரில் வெடித்தார். அமைப்பின் எல்லா வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டுவிட்டன, 22,000 நோயாளிகளும் ஊழியர்களும் உணவும் மருந்தும் இல்லாமல் நிற்கிறார்கள் என்றார். நாடு முழுக்கப் பரபரப்பு.

அன்று மாலையே மத்திய அரசு மறுத்தது. நாங்கள் எந்தக் கணக்கையும் முடக்கவில்லை, கணக்குகளை முடக்கும்படி அந்த அமைப்பே எழுதிக் கேட்டதாக ஸ்டேட் பேங்க் எங்களிடம் சொல்லியிருக்கிறது என்றது. மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டியும் ஓர் அறிக்கை விட்டது: எங்கள் பதிவு ரத்தாகவில்லை, இடைநீக்கமும் இல்லை, கணக்குகளை முடக்கச் சொல்லி அமைச்சகம் உத்தரவிடவும் இல்லை. புதுப்பித்தல் கிடைக்காததால், தவறு எதுவும் நடந்துவிடக்கூடாது என்று வெளிநாட்டு நன்கொடைக் கணக்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என எங்கள் மையங்களிடம் நாங்களே சொல்லியிருக்கிறோம்.

அப்போ யார் சொன்னது சரி? 'முடக்கம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் அரசு சொன்னது சரி. இல்லத்தின் சமையலறையில் இருந்து பார்த்தால், முடக்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பதிவு இல்லாத நாளில் வெளிநாட்டு நன்கொடையை வாங்குவது மட்டுமல்ல, ஏற்கெனவே கணக்கில் கிடப்பதைச் செலவழிப்பதும் சட்ட மீறல். ஒரு செக்கில் கையெழுத்துப் போட்டால்கூட வழக்கு வரலாம். அதனால்தான் அவர்களே பூட்டிக்கொண்டார்கள்.

2022 ஜனவரி 7-ல் பதிவு திரும்பக் கிடைத்தது. நிராகரிப்பில் இருந்து கணக்கிட்டால் 13 நாள். அந்தப் பாதகமான தகவல் என்ன, 13 நாளில் அது எப்படிச் சரியானது என்ற இரண்டு கேள்விக்கும் அரசுத் தரப்பில் இருந்து விரிவான விளக்கம் வரவில்லை. அமைப்பும் அதைத் தோண்டவில்லை. கிடைத்ததே போதும் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

75 கோடி ரூபாய்... பெரிய தொகையா, சின்னத் தொகையா?

நிராகரிப்புக்கு சில நாள் முன்பு, டிசம்பர் 13-ம் தேதிதான் 2020-21 நிதியாண்டுக்கான கணக்கை அமைச்சகத்தில் தாக்கல் செய்திருந்தது மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டி. அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

அந்த ஆண்டு வந்த வெளிநாட்டு நன்கொடை சுமார் 75 கோடி ரூபாய். கொடுத்தவர்கள் 347 தனிநபர்கள், 59 நிறுவனங்கள். முந்தைய ஆண்டில் இருந்து மிச்சமாக வந்தது 27.3 கோடி. எல்லாம் சேர்த்து 102 கோடிக்கு மேல். இந்தப் பணத்தைக் கையாள நாடு முழுக்க 250-க்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகள்.

75 கோடி என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதே ஆண்டில் இந்தியாவில் உள்ள எல்லாத் தொண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து வெளிநாட்டில் இருந்து வந்தது 17,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. அதில் இவர்கள் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. இந்தியாவில் இவர்களுக்கு 240-க்கும் மேற்பட்ட இல்லங்கள். 75 கோடியைப் பிரித்தால் ஓர் இல்லத்துக்கு ஆண்டுக்கு 31 லட்சம், மாதத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் சொச்சம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தொழுநோயாளிகள், மனநலம் பாதித்தவர்கள், கைவிடப்பட்ட குழந்தைகள் என ஐம்பது, அறுபது பேர் இருக்கும் ஓர் இல்லத்துக்கு இது தாராளமான காசு இல்லை. உள்ளூர் நன்கொடை சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

சரி, இதை வைத்து நிதி நிலை நன்றாக இருக்கிறது, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு கம்பெனி என்றால் லாபம் எவ்வளவு என்று பார்ப்போம். தொண்டு அமைப்புக்கு லாபக் கணக்கு கிடையாது. ஆடிட்டர்கள் வேறு சில விஷயங்களைப் பார்ப்பார்கள்.

முதலில், புது வரவு நின்றுபோனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? ஆண்டுச் செலவும் வரவு அளவுக்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஆறே கால் கோடி ஆகும். முந்தைய ஆண்டில் இருந்து வந்த 27 கோடி, நாலு மாதத்துக்கு மேல் தாங்கும். தொண்டு நிறுவனங்களுக்கு மூணு முதல் ஆறு மாதக் கையிருப்பு இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அளவுகோலில் இது ஆரோக்கியமான இருப்பு. குவித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, வறண்டு போயிருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த நாலு மாத இருப்பு, அந்த 13 நாளுக்கு உதவவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இருப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எந்தக் கணக்கில், எந்தச் சட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பது வேறு கேள்வி. நம்ம வீட்டில் பீரோ நிறைய நகை இருந்து, சாவி மட்டும் பக்கத்து ஊரில் இருந்தால் எப்படியோ அப்படி.

அடுத்து, பணம் எத்தனை கைகளில் இருந்து வருகிறது? அந்த ஆண்டு அதிகம் கொடுத்தவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள இதே அமைப்பின் கிளைகள். தலா 15 கோடிக்கு மேல். ரெண்டையும் சேர்த்தால் மொத்த வரவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். ஆரம்ப சுகாதாரம், கல்வி உதவி, தொழுநோயாளிகள் பராமரிப்பு என்று நோக்கம் குறிப்பிட்டு வந்த பணம். சொந்தக் கிளை என்பதால் திடீரென்று கையை விரிக்காது. அது ஒரு பலம். அதே சமயம் ரெண்டு நாட்டில் தேவாலயத்துக்குப் போகிறவர்களின் மனநிலை மாறினாலோ, பொருளாதாரம் படுத்தாலோ இங்கே கொல்கத்தாவில் அடுப்பு தணியும்.

சம்பளம் இல்லை, கட்டணமும் இல்லை

இந்த அமைப்பின் நிதிக் கட்டமைப்பு மற்ற தொண்டு நிறுவனங்களைப் போல இருக்காது. காரணம், 1950-ல் கொல்கத்தாவில் அன்னை தெரசா போட்ட அஸ்திவாரம் அப்படி.

கத்தோலிக்கத் துறவற சபைகளில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வாக்குறுதிகள் எடுப்பார்கள். மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டியில் நாலாவதாக ஒன்று உண்டு: ஏழைகளிலும் ஏழைகளுக்கு முழு மனதோடு, இலவசமாகச் சேவை செய்வது. ஆன்மிக வாக்குறுதிதான். ஆனால் ஒரு கணக்குப் பிள்ளை படித்தால், 'இலவசமாக' என்ற அந்த ஒரு சொல் வருமானத்தின் முக்கியமான வாசலை அடைத்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் மிஷனரி வழியில் வந்ததுதான். 1900-ல் அமெரிக்க மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. இன்று அது பெரும்பாலும் நோயாளிகள் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது. வசதி உள்ளவர் கட்டும் காசில் வசதி இல்லாதவருக்குச் சலுகை. வெளிநாட்டுப் பணம் நாளைக்கே நின்றாலும் ஆஸ்பத்திரி கதவு திறந்தே இருக்கும். தமிழ்நாட்டில் சபைகள் நடத்தும் பள்ளி, கல்லூரிகளும் அப்படித்தான்: ஃபீஸ் உண்டு, பல இடங்களில் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் உண்டு.

மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டியில் ஃபீஸ் இல்லை. நிதி திரட்ட விளம்பரம் போடக்கூடாது, வசூல் நிகழ்ச்சி நடத்தக்கூடாது என்பதில் அன்னை தெரசா கறாராக இருந்தார். தேவையானதைக் கடவுள் அனுப்புவார் என்பது அவரது நம்பிக்கை. அதனால் நிரந்தர வைப்பு நிதி போட்டு, வட்டியில் காலம் தள்ளும் ஏற்பாட்டையும் அவர் விரும்பவில்லை.

மறுபக்கம் செலவும் குறைவு. சகோதரிகளுக்குச் சம்பளம் கிடையாது. மூணு சேலை, ஒரு வாளி, ஒரு செருப்பு என்பார்களே, அதுதான் சொத்து. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் பல நிறுவனங்கள் திணறின. அதற்கு முன் வரம்பு 50 சதவீதம். இவர்களுக்கு அந்த அடி பெரிதாக விழுந்திருக்க வாய்ப்பு இல்லை.

1964-ல் பம்பாய் வந்த போப் ஆறாம் பால், தான் பயன்படுத்திய லிங்கன் காரை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதில் ஒருநாள்கூட பயணிக்கவில்லை. பரிசுச் சீட்டு குலுக்கலில் விட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளிகள் குடியிருப்புக்குச் செலவழித்தார். 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோது வழக்கமான விருந்தை ரத்து செய்து அந்தக் காசையும் ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்னார். வசூலே செய்யாத அமைப்புக்கு நன்கொடை வந்தது இப்படித்தான். அவர் முகம்தான் விளம்பரம். 1997-ல் அவர் மறைந்த பிறகும் வரவு நின்றுவிடவில்லை என்பதற்கு அந்த 347 பேரும் 59 நிறுவனங்களும் சாட்சி.

பணம் எங்கே போகுது? பழைய கேள்வி

இதையெல்லாம் சொல்லிவிட்டு விமர்சனங்களைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதியதாகிவிடும்.

அன்னை தெரசா உயிரோடு இருந்தபோதே, 1995-ல் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் சேமிப்பு நிறுவன மோசடி வழக்கில் சிக்கிய சார்லஸ் கீட்டிங் அன்னைக்கு 12.5 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். அது ஏமாந்த மக்களின் பணம், திருப்பிக் கொடுங்கள் என்று அரசு வழக்கறிஞர் ஒருவர் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை என்பது ஹிச்சன்ஸ் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. (கீட்டிங்குக்கு விதிக்கப்பட்ட தண்டனை பின்னாளில் மேல்முறையீட்டில் ரத்தானது வேறு கதை.)

1998-ல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை, 1991-ல் பிரிட்டனில் வந்த வரவில் 7 சதவீதம்தான் தொண்டுக்குச் செலவானது, மீதி வெளியே போய்விட்டது என்று எழுதியது. நியூயார்க்கில் வேலை பார்த்த முன்னாள் சகோதரி ஒருவர், கணக்கில் கோடிக்கணக்கான டாலர் சும்மா கிடந்தது, ஆனால் இல்லங்களில் அடிப்படை மருத்துவ வசதிகூட மோசமாக இருந்தது என்று எழுதினார்.

ஆதரவாளர்கள் சொல்லும் பதில்: பணக்கார நாட்டில் வசூலாவதை ஏழை நாட்டில் செலவழிக்கத்தான் தலைமையகத்துக்கு அனுப்புகிறார்கள், ஒரு நாட்டுக் கணக்கை மட்டும் பார்த்து 7 சதவீதம் என்று சொல்வது நியாயம் இல்லை. அதிலும் விஷயம் இருக்கிறது. 2020-21 கணக்கில் அமெரிக்க, பிரிட்டன் கிளைகளில் இருந்து இந்தியாவுக்கு வந்த பணம் அந்த மாதிரியான ஓட்டம்தான்.

ஆனால் விமர்சகர்கள் கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. உலகம் முழுக்க எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்று எல்லா நாட்டையும் சேர்த்து ஒரே கணக்காக மக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் இந்த அமைப்பில் இல்லை. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவத்தில் இருந்து தேவாலயங்களுக்கும் துறவற சபைகளுக்கும் விலக்கு உண்டு. பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பதிவுபெற்ற அறக்கட்டளைகளின் கணக்கை சாரிட்டி கமிஷன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இப்படி நாட்டுக்கு நாடு வேறு வேறு விதி இருப்பதால், முழுப் படம் யாருக்கும் கிடைப்பதில்லை.

மறைக்க எதுவும் இல்லாதபோது மறைவாக இருப்பதுதான் இந்த அமைப்பு தனக்குத்தானே செய்துகொண்ட பெரிய கெடுதல். வதந்தி வளர்வதற்கு அதைவிட நல்ல உரம் வேண்டியதில்லை.

மதமாற்றப் புகாரும் உரிமமும்

நிராகரிப்புக்கு முந்தைய வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. குஜராத்தின் வதோதராவில் இந்த அமைப்பு நடத்தும் சிறுமியர் இல்லத்தின் மீது, மதமாற்றத்துக்குத் தூண்டியதாக அம்மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அமைப்பு அதை மறுத்தது. அதற்கும் முன்பு, 2018-ல் ராஞ்சி இல்லத்தில் குழந்தையை விற்றதாக ஒரு சகோதரியும் ஓர் ஊழியரும் கைது செய்யப்பட்டார்கள்.

இதற்கும் நிதி நிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ மதம் மாற்றியதாக வழக்கு நடத்தப்பட்ட, தண்டிக்கப்பட்ட அமைப்புக்குப் பதிவு கொடுக்கக்கூடாது என்று எஃப்சிஆர்ஏ சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, ஓர் ஊரில் பதிவாகும் ஒரு வழக்கு, நாடு முழுக்க உள்ள 240 இல்லங்களின் பணவரவைத் தொடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஒரே பதிவு எண், ஒரே பதிவுச் சான்றிதழ் என்பதால் வரும் ஆபத்து இது.

2020 திருத்தம் அந்த ஆபத்தை இன்னும் கூட்டியது. எந்த ஊர் நிறுவனமாக இருந்தாலும் வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய இடம் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பேங்க் பிரதான கிளை. அங்கிருந்துதான் மற்ற கணக்குகளுக்குப் போக முடியும். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. முன்பெல்லாம் ஒரு பெரிய அமைப்புக்குச் சிக்கல் வந்தால், பதிவு உள்ள இன்னொரு அமைப்பு வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இப்போ அந்தப் பக்கவழி மூடியாச்சு. இந்தத் திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவது அடிப்படை உரிமை கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒரு சுவாரஸ்யம். 2021 டிசம்பரில் நிராகரிப்பைக் கண்டித்துப் பேசியவர்களில் ப.சிதம்பரமும் ஒருவர். நெருக்கடி நிலை காலத்தில் வந்த 1976-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, இன்னும் இறுக்கமான 2010-ம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர்தான். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற விதி வந்ததும் அந்தச் சட்டத்தில்தான்.

13 நாளில் மீண்டவர்கள், மீளாதவர்கள்

மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டிக்குப் பெயர் இருந்தது. முதல்வர்கள் பேசினார்கள், உலகப் பத்திரிகைகள் எழுதின. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல், கிறிஸ்தவ அடிப்படையில் குழந்தைகளுக்கு உதவும் அமைப்பு. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இங்கே ஒரு குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்புவார், படிப்பு, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அதில் நடக்கும். இந்தியாவில் சுமார் 1.45 லட்சம் குழந்தைகள். அதன் முக்கியமான இந்தியக் கூட்டாளி அமைப்பு இருந்தது நம்ம சென்னையில். பணம் மதமாற்றத்துக்குப் போகிறது என்று சொல்லி, 2016-ல் அந்த அமைப்பை முன் அனுமதிப் பட்டியலில் வைத்தது உள்துறை அமைச்சகம். அதாவது ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் அனுமதி வாங்க வேண்டும். குற்றச்சாட்டை கம்பேஷன் மறுத்தது. அமெரிக்க அரசு மட்டத்தில் பேச்சு போனது. எதுவும் நடக்கவில்லை. 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே கிளம்பியது.

அந்த அமைப்பின் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு குறையும் இல்லை. உலக அளவில் பணத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் இங்கே உள்ளூர் வருமானம் என்று ஒன்றை அது வளர்த்திருக்கவில்லை. குழாயை மூடியதும் தொட்டி காலி.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் எஃப்சிஆர்ஏ பதிவும் 2024 ஜனவரியில் ரத்தானது. சட்டப்படி, பதிவு ரத்தானால் கணக்கில் மிச்சம் இருக்கும் வெளிநாட்டுப் பணம் மட்டுமல்ல, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தும் அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். முப்பது வருடம் முன்பு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்த காசில் கட்டிய விடுதிக் கட்டடம்கூட.

2022 புத்தாண்டு அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 6,000 நிறுவனங்கள் பதிவை இழந்தன. பெரும்பாலானவை விண்ணப்பிக்கவே இல்லை. அதில் பல பெயருக்கு மட்டும் இருந்தவை என்பதும் உண்மை. பேப்பர் வேலை செய்ய ஆள் இல்லாமல் விட்டவையும் அதில் இருக்கும். எஃப்சிஆர்ஏ பதிவுகள் அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், இந்தச் செய்தி கொல்கத்தாவோடு முடிந்துபோவதில்லை.

நன்கொடை கொடுக்கிறவர் எதைப் பார்க்கணும்?

கோயில் அறக்கட்டளையோ, சர்ச் இல்லமோ, மதரஸாவோ, எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக ஆடிட் ஆன வரவு செலவுக் கணக்கைக் காட்டுங்கள். அதில் வரவு எவ்வளவு என்பதை முதலில் பார்க்காதீர்கள். உள்ளூர் வரவு எவ்வளவு, வெளிநாட்டு வரவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வெளிநாட்டு வரவுதான் பெரும்பகுதி என்றால், நீங்கள் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு அங்கே நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். டெல்லிக் கிளைக்குப் போகாத காசு அது.

80ஜி ரசீது தருவார்களா என்று கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் வரிச்சலுகை கிடையாது, யுபிஐ அல்லது செக் நல்லது. அரிசி மூட்டையாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை. ஆனால் அந்த 13 நாட்களில் இல்லங்களுக்குக் கை கொடுத்திருக்கக்கூடியது அந்த அரிசி மூட்டைதான்.

வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைப் பார்ப்பது மட்டும் முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கை உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ தளத்தில் யாரும் திறந்து பார்க்கலாம் என்று இருந்தது. 75 கோடி, 347 பேர் என்ற விவரமெல்லாம் அப்படி வெளியே வந்ததுதான். 2022 ஜூலையில் அந்தப் பக்கங்களைத் தளத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். நிறுவனம் தன் கணக்கைத் தன் சொந்த இணையதளத்திலோ அல்லது அரசு சொல்லும் தளத்திலோ வெளியிட்டால் போதும் என்பது விதி. அந்த 'அல்லது' இருக்கும் வரை, அரசிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் அரசும் சரி, தொண்டு நிறுவனங்களும் சரி, ஒருவருக்கொருவர் வசதியாகத்தான் இருக்கிறார்கள்.

மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டிக்கு 2022 ஜனவரியில் திரும்பக் கிடைத்த பதிவு 2026 டிசம்பர் 31 வரை செல்லும். பதிவு முடிவதற்குக் குறைந்தது 4 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அமைச்சகம் அறிவித்திருக்கிறது. அதன்படி இவர்களுக்கான கெடு 2026 ஆகஸ்ட் மாத இறுதி.